குப்பிக்குள் இருக்கும் நல்ல கிருமிகள்

அன்புள்ள யாழினி,

அக்கா குழந்தைக்குப் பேதியானபோது டாக்டர் எழுதித் தந்த சின்ன பிளாஸ்டிக் குப்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும் அந்தப் புரோபயாடிக் மருந்தில் கோடிக்கணக்கான பேசில்லஸ் கிளாசி வித்துகள் மிதக்கின்றன. 'மூன்றாம் நாளே நின்றுவிட்டதே, அப்போ மருந்து கேட்டிருக்கிறதுதானே?' என்கிறாய். சிக்கலே அங்கேதான். வைரஸால் வரும் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். இடையில் எதைக் கொடுத்தாலும் பேர் அதற்குப் போய்விடும்.

அதனால்தான் பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தும், மீதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் வெற்று மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாமல் சோதிக்கிறார்கள். இப்படி நடந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2010 தொகுப்பு, புரோபயாடிக் கொடுத்தால் பேதி ஒரு நாள் முன்னதாகவே நிற்கிறது என்றது. 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்க ஆய்வில் மட்டும் 971 பிள்ளைகள். லாக்டோபேசில்லஸ் என்ற புரோபயாடிக்கை வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2020-ல் காக்ரேனும் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த 2018 ஆய்வுகளில் சோதித்தது வேறு கிருமி. அதன் தோல்வியை உன் குப்பியின் கணக்கில் அப்படியே எழுத முடியாது. ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் சில வகைகளை இன்னும் ஏற்கிறார்கள். என்னைக் கேட்டால், கொடுத்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, காசுதான் செலவு. குறைமாதக் குழந்தைக்கும் எதிர்ப்பு சக்தி குன்றிய பிள்ளைக்கும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பேதியில் உண்மையில் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே நுழையும். தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகும். 1971-ல் வங்காள எல்லையில் பாங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து குடிக்கவைத்தார். சாவு விகிதம் மளமளவென்று இறங்கியது.

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

அக்காவிடம் ஒன்று கேள்: பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துத் தரும் ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுக்கிறாளா? பேதி நின்றதும் பலர் அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.

அன்புடன்,
சித்தப்பா