பிரீமியம் பெட்ரோல் உங்க காருக்கு நிஜமாவே தேவையா? 5 நிமிஷத்துல கணக்கு போட்டுப் பார்த்துடலாம்



பங்க்ல வண்டியை நிறுத்துறீங்க. "சார், நார்மலா, பிரீமியமா?" பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிக்குது. புதுசா வாங்கின டர்போ கார், இன்னும் 58 இஎம்ஐ பாக்கி. எஞ்சினுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு பயம். "நல்லதே போடுங்க"ன்னு சொல்லிடுறீங்க.

நானும் முதல் கார் வாங்கின புதுசுல ஒன்றரை வருஷம் இப்படித்தான் போட்டேன். ஒருநாள் ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து பார்த்தா, 91 ஆக்டேன் போதும்னு தெளிவா எழுதியிருந்தது. டேஷ்போர்டுக்குள்ள கிடந்த புத்தகம், இலவசம். அதைப் படிக்காம ஒன்றரை வருஷம் காசு கொடுத்திருக்கேன். அந்தத் தப்பை நீங்க செய்யக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

ஆக்டேன்னா பவர் இல்லை, பொறுமை

பெட்ரோல் எஞ்சின்ல காத்தும் பெட்ரோலும் கலந்து, பிஸ்டன் அதை அழுத்தும். சரியான நேரத்துல ஸ்பார்க் பிளக் பத்த வைக்கும். ஆனா அழுத்தமும் சூடும் ரொம்ப அதிகமானா, ஸ்பார்க்ல இருந்து வர்ற தீ போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சக் கலவை தானாவே பத்திக்கும். அதுதான் 'நாக்கிங்'. எஞ்சினுக்குள்ள சின்னச் சுத்தியலால தட்டுற மாதிரி சத்தம் வரும். தொடர்ந்து நடந்தா பிஸ்டனே சேதமாகும்.

இப்படி அவசரப்பட்டு பத்திக்காம எவ்வளவு அழுத்தத்தை ஒரு பெட்ரோல் தாங்கும்னு சொல்ற எண்தான் ஆக்டேன். ஐசோ ஆக்டேனுக்கு 100, சட்டுன்னு பத்திக்கிற ஹெப்டேனுக்கு 0. இந்த ரெண்டையும் வெச்சுத்தான் அளவுகோல்.

அதிக ஆக்டேன்னா அதிக சக்தின்னு நினைச்சுக்காதீங்க. நல்ல உதாரணம் எத்தனால். அதோட ஆக்டேன் 108க்கு மேல. ஆனா லிட்டருக்குக் கிடைக்கிற ஆற்றல் பெட்ரோலைவிட சுமார் மூணுல ஒரு பங்கு கம்மி. அதனாலதான் இ20 பெட்ரோல்ல ஆக்டேன் ஏறினாலும் மைலேஜ் கொஞ்சம் இறங்குது.

நம்ம ஊர் பெட்ரோல் எத்தனை?

பிஎஸ்-6 விதிப்படி சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91. 20 சதவீத எத்தனால் கலந்த பிறகு இது 95க்கு ஏறியிருக்குன்னு மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. அப்போ, 95னு போர்டு போட்ட பிரீமியத்துக்கு நீங்க கூடுதலா கொடுக்கிற காசு பெரும்பாலும் ஆக்டேனுக்கு இல்லை. அதுல சேர்க்கிற க்ளீனிங் அடிட்டிவுக்குத்தான். 99, 100னு போட்டிருந்தா மட்டும்தான் ஆக்டேன்லயும் நிஜ வித்தியாசம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். அமெரிக்க யூடியூப் வீடியோல 87, 91, 93னு சொல்றதை நம்ம எண்ணோட ஒப்பிடாதீங்க. அங்கே ரெண்டு வகைச் சோதனையோட சராசரியை போர்டுல போடுவாங்க. அவங்க 87, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 91 - 92. அவங்க 91, நம்ம 95 - 96.

மேனுவல்ல மூணு வகை வார்த்தை இருக்கும்

1. 91 போதும்: இதுக்கு மேல போட்டா லாபம் இல்லை. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016ல இப்படிப்பட்ட கார்கள்ல சோதனை செஞ்சு பார்த்தது. பவர், மைலேஜ், புகை எதுலயும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. தேவையில்லாம பிரீமியம் போட்டதால ஒரே வருஷத்துல அமெரிக்கர்கள் 210 கோடி டாலருக்கு மேல வீணாக்கினாங்கன்னும் அது கணக்குச் சொன்னது.

2. 91 குறைந்தபட்சம், 95 பரிந்துரை: சில டர்போ கார்கள்ல இப்படி இருக்கும். ஆக்டேன் குறைஞ்சா, நாக் சென்சார் கண்டுபிடிச்சு, கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப் போடும். எஞ்சின் பத்திரமா இருக்கும், பவர் கொஞ்சம் குறையும். இந்த வகைக் கார்களை ஏஏஏ 2017ல சோதிச்சப்ப, பிரீமியத்தால மைலேஜ் சராசரியா 2.7 சதவீதம், குதிரைசக்தி 1.4 சதவீதம்தான் கூடினது.

3. 95 அல்லது 98 கட்டாயம்: ஸ்போர்ட்ஸ் கார், அதிக கம்ப்ரஷன் எஞ்சின். இங்கே சிக்கனம் பார்க்காதீங்க. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், லட்சத்துல எஞ்சின் பில் வரலாம். இந்தக் காரை வாங்கும்போதே பெட்ரோல் செலவையும் பட்ஜெட்ல சேர்த்துடணும்.

இப்போ நம்ம கணக்கு

மாசம் 900 கிலோமீட்டர், மைலேஜ் 15ன்னு வெச்சுக்குவோம். அப்போ மாசம் 60 லிட்டர். நார்மல் 101 ரூபாய், 95 பிரீமியம் 109ன்னு எடுத்துக்கோங்க. (உங்க பங்க் விலையை வெச்சு மாத்திக்கலாம்.)

மாசம் கூடுதல் செலவு: 60 × 8 = 480 ரூபாய்.
வருஷத்துக்கு: 5,760 ரூபாய்.

இந்த 480ஐ எஸ்ஐபில போட்டு, வருஷம் 10 சதவீதம் வளர்ச்சின்னு வெச்சா, 10 வருஷத்துல சுமார் 98,000 ரூபாய். நீங்க போட்டது 57,600தான். (10 சதவீதம் கணக்குக்காகத்தான், உத்தரவாதம் இல்லை.)

சரி, மைலேஜ்ல அந்தக் காசு திரும்பி வந்துடாதா? 8 ரூபாயை 101ஆல வகுத்தா கிட்டத்தட்ட 8 சதவீதம். அதாவது 15 கொடுக்கிற வண்டி 16.2 கொடுத்தாத்தான் போட்ட காசு திரும்பும். மேலே பார்த்த 2.7 சதவீதத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 100 ஆக்டேன் லிட்டர் 160 ரூபாய்னா, மைலேஜ் 23.8 வரணும். வாய்ப்பே இல்லை.

பாட்டில் அடிட்டிவ் வாங்கலாமா?

இதுல ரெண்டு வகை. ஒண்ணு, ஆக்டேன் பூஸ்டர். "3 பாயின்ட் கூடும்"னு போட்டிருந்தா 91 ஆனது 94 ஆகும்னு நினைப்போம். ஆனா பல கம்பெனிகள் கணக்குல ஒரு பாயின்ட்னா 0.1தான். அப்போ 91 ஆனது 91.3! பாட்டில் 500 ரூபாய், டேங்க் 40 லிட்டர்னா, லிட்டருக்கு 12.50 கூடுதல். அதுக்குப் பங்க்ல பிரீமியமே மலிவு. மேலும், சில பூஸ்டர்கள்ல மாங்கனீசு, இரும்பு மாதிரி உலோகம் இருக்கும். அது ஸ்பார்க் பிளக்லயும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்லயும் படியும். உலோகம் கலந்த அடிட்டிவ் வேண்டாம்னு பல மேனுவல்கள்லயே எச்சரிக்கை இருக்கும். வாரன்டி காலத்துல இந்த ரிஸ்க் எதுக்கு?

ரெண்டாவது, இன்ஜெக்டர் க்ளீனர். பிஇஏ வகை டிடர்ஜென்ட் இருந்தா அழுக்கை எடுக்கும், உண்மைதான். ஆனா உங்களுது டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்னா, பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளதான் போகும். இன்டேக் வால்வைத் தொடவே தொடாது. அங்கே படியுற கரியை எந்த பாட்டிலும் கழுவாது. சர்வீஸ் பில்ல இப்படி ஒரு வரி வந்தா, "எதுக்கு, என்ன பிரச்சினை பார்த்தீங்க?"ன்னு தயங்காம கேளுங்க.

இன்னிக்கே செய்ய வேண்டியது

- மேனுவலையும் பெட்ரோல் மூடியோட உள்பக்க ஸ்டிக்கரையும் பாருங்க. எண்ணை போன்ல குறிச்சுக்கோங்க.
- 91னா நார்மல். கட்டாயம் 95, 98னா அதுவே.
- 'பரிந்துரை'ன்னா, நார்மல்ல ரெண்டு டேங்க், பிரீமியம்ல ரெண்டு டேங்க் ஓட்டி, டேங்க் டு டேங்க் மைலேஜ் எழுதுங்க. பிரேக் ஈவனைத் தாண்டுதான்னு பாருங்க.
- நார்மல் போட்டு ஏத்தத்துல தட்டுற சத்தம் வந்தா, அடிட்டிவ் தேடாம மெக்கானிக்கிட்ட காட்டுங்க.
- டயர்ல காத்து சரியா வைங்க. மைலேஜ் கூடும், பல பங்க்ல அது ஃப்ரீ!

வண்டி மேல பாசம் வைக்கிறது தப்பில்லை. ஆனா அந்தப் பாசம் எஞ்சினுக்குப் போகுதா, பில்லுக்கு மட்டும் போகுதான்னு ஒருதடவை பாருங்க. உங்க மேனுவல்ல என்ன எண் இருந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. இந்தக் கணக்கை வீடியோல இன்னும் விரிவா போட்டுக் காட்டியிருக்கோம், அதையும் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!