ரத்தாபியா என்னுஞ் சொல்

சின்னாட்களுக்கு முன் ஒரு மாலை, மாணவர் சிலருடன் கீழ்க்கட்டளை ஏரிப்பக்கம் உலாவச் சென்றிருந்தேம். ஆண்டு நின்ற பனையொன்றைக் கண்டு கள்ளைப்பற்றிப் பேச்செழுந்தது. பிரெஞ்சு பயிலும் நண்பர் ஒருவர், "ரத்தாபியா என்னும் பிரெஞ்சு மதுவின் பெயர் கீழ்நாட்டுச் சாராயத்தோடு உறவுடையதாமே; மெய்யோ?" என வினவினார். அன்று விடையிறுக்க இயலாமையின் ஈண்டு எழுதத் துணிந்தேம்.

ரத்தாபியா என்பது செர்ரி முதலிய கனிகளையோ, கனிக்கொட்டைகளின் பருப்பையோ பிராந்தியில் ஊறவைத்துச் சர்க்கரை கூட்டிச் செய்யும் இனிய மது. இப்பெயர் 17-ஆம் நூற்றாண்டில் வழக்கில் வந்தது. இதற்குப் பிறப்புக் கூறுவோர் பலர். உடன்படிக்கை முடிந்தபின் "இஃது உறுதியாகுக" எனப் பொருள்படும் "ராட்டா பியாட்" என்னும் இலத்தீன் தொடரைச் சொல்லி மது அருந்தினர் என்பர் ஒரு சாரார். கதை இனிதே, ஆயினும் இலத்தீன் கற்ற இளைஞரின் விளையாட்டுப்போலவும் தோன்றுகின்றது. மேற்கிந்தியத் தீவுகளில் கருப்பஞ்சாற்றுப் பாகின் கழிவினின்று வடித்த தாபியா என்னும் மதுவோடு இயைப்பர் பிறர். எனின், முதலில் நிற்கும் "ரா" எங்ஙனம் வந்தது?

நண்பர் கேட்டது இவ்விடத்திற்றான். அராக் என்பதும் தாபியா என்பதும் புணர்ந்து ரத்தாபியா ஆயிற்றென்பாரும் உளர். அராக் என்பது அரபு மொழியில் வியர்வை. வாலையினின்று துளிதுளியாய் வடிதலின் மதுவுக்காயிற்று. வணிகருடன் அச்சொல் இந்தியா, இலங்கை, சாவகம் எங்கும் பரவிற்று. கீழ்நாட்டுச் சொல் பாரிசு நகரத்து விருந்தில் அமர்ந்ததெனக் கேட்க எமக்கும் மகிழ்ச்சியே. எனினும் கீழ்க்கடற் சொல்லும் மேற்கடற் சொல்லும் கூடினவெனின் எழுத்துச் சான்று வேண்டும், ஓசையொப்புமை போதாது. நம் அரக்கு என்னுஞ் சொல்லும் அராக்கை ஒத்தே ஒலிக்கின்றது. அதுபற்றி, முத்திரையிடும் அரக்கினின்று சாராயம் பெயர்பெற்றதென யாரேனும் துணிவரோ?

கள்ளின் செய்தியோ வேறு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்த பிரெஞ்சுக்காரர் அதனைக் "கலூ" என்றே வழங்கினர். ளகரம் அவர் நாவிற்கு இல்லை, லகரமாயிற்று. பொருளும் அதே பொருள்; இறக்கியவரும் விற்றவரும் தமிழர். இங்கே ஓசை, பொருள், இடம் ஆகிய மூன்றும் ஒருமுகமாய் நிற்றலின் ஐயுறுவார் இலர்.

இவற்றைக் கேட்ட நண்பர் சற்றே முகம் வாடினார். பின்னர், "அங்ஙனமாயின், பஞ்ச் என்னும் கலவை மதுவின் பெயர் ஐந்தெனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லினின்று வந்ததென்று படித்தேமே, அதுவுமோ?" என்றார். அதனையும் ஐயுற்ற அறிஞர் உளர்.