பெல்ட்டில் ஓடும் கார்

கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை முறுக்கினால் போதும். வண்டி தானே புறப்பட்டு, தானே வேகம் பிடிக்கிறது. நம் நாட்டில் 1980-களில் கைனடிக் ஹோண்டா இம்முறையைப் பலருக்கும் அறிமுகம் செய்தது. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, இதே தத்துவத்தில் ஒரு கார் ஓடியது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஹுப் வான் டோர்ன் தொடங்கிய டாஃப் நிறுவனம், 1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் டாஃப் 600 என்ற சிறிய காரைக் காட்சிக்கு வைத்தது. இரண்டு சிலிண்டர்களும் 590 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய, காற்றால் குளிரும் எஞ்சின் முன்புறம் இருந்தது. பின்புறத்தில், வழக்கமான கியர்ப்பெட்டிக்குப் பதில் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் இருந்தன. இந்த அமைப்பின் பெயர் வேரியோமேட்டிக்.

இக்கார்களைப் போற்றி வைத்து ஓட்டுபவர்கள் இன்றும் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பழுதானால் அவற்றை எவ்வாறு சரி செய்வது? உதிரிபாகத்துக்கு எங்கே போவது? இரண்டு கேள்விக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

வண்டி நின்ற நிலையிலிருந்து நகரவும் மேடு ஏறவும் சக்கரத்துக்குப் பெரிய முறுக்குவிசை வேண்டும். எஞ்சின் பல சுற்றுச் சுற்ற, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அது கிடைக்கும். வேகமாக ஓடும்போது அவ்வளவு முறுக்குவிசை தேவையில்லை; சக்கரம் விரைவாகச் சுழன்றால் போதும். கியர்ப்பெட்டி இந்த விகிதத்தைப் படிப்படியாக மாற்றுகிறது. வேரியோமேட்டிக்கில் படிகளே இல்லை, சாய்தளம்தான்.

இரண்டு தட்டுகளைக் கூம்பு வடிவில் கடைந்து, ஒன்றை ஒன்று நோக்கும்படி ஒரே தண்டில் பொருத்துவோம். நடுவே 'வி' வடிவப் பள்ளம் கிடைக்கும். தட்டுகள் விலகினால் பெல்ட் பள்ளத்தின் அடிக்கு இறங்கும். நெருங்கினால் விளிம்பை நோக்கி ஏறும். இவ்வாறு ஒரு கப்பி முன்னும் ஒன்று பின்னும் இருப்பதாகக் கொள்வோம். புறப்படும்போது பெல்ட் முன்கப்பியில் 4 செ.மீ. ஆரத்திலும் பின்கப்பியில் 8 செ.மீ. ஆரத்திலும் ஓடினால், முன்தண்டு 2 சுற்றுச் சுற்றப் பின்தண்டு 1 சுற்று. வேகம் கூடியபின் ஆரங்கள் இடம் மாறினால், முன்தண்டின் 1 சுற்றுக்குப் பின்தண்டு 2 சுற்று. மொத்த மாற்றம் 4 மடங்கு. டாஃப் 600-லும் ஏறக்குறைய இதே அளவுதான். இடையிலுள்ள பற்சக்கரங்களையும் சேர்த்தால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் சுமார் 16-இல் தொடங்கிச் சுமார் 4 வரை இறங்குகிறது.

முன்னோக்கி, பின்னோக்கி என்னும் மாற்றம் பெல்ட்டுக்கு முன்பே பற்சக்கரங்களில் நடந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கார் பின்னோக்கியும் அதே வேகத்தில் ஓடும்! 1980-களில் நெதர்லாந்தில் இதை வைத்துப் பின்னோக்கி ஓடும் பந்தயங்களே நடத்தினார்கள். அவற்றில் நொறுங்கிய கார்களை நினைத்தால், இன்று உதிரிபாகம் தேடுவோருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

சரி, தட்டுகளை நகர்த்துவது யார்? முன்கப்பிக்குள் சிறு எடைகள் உள்ளன. தண்டு சுழலும்போது மையவிலக்கு விளைவால் அவை வெளிப்புறம் விலகி, தட்டுகளை நெருங்கச் செய்கின்றன. சுழற்சி வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து நிற்பது பின்கப்பியின் சுருள்வில். அது பின்தட்டுகளை எப்போதும் நெருக்கி, பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கிறது. இந்த இரண்டு விசைகளும் சமன்படும் இடமே அப்போதைய 'கியர்'.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். முடுக்கியை மிதமாக அழுத்திச் சமவெளியில் ஓட்டும்போது, இந்த அழுத்த வேறுபாடு ஒரு ரப்பர்த் திரையை இழுத்து எடைகளுக்குத் துணை செய்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலே உயர் விகிதம் கிடைத்துவிடுகிறது. மேடு ஏற முழுதும் அழுத்தினால் அந்தத் துணை விலகி, பெல்ட் தாழ்ந்த விகிதத்துக்குத் திரும்புகிறது. எந்த மின்னணுக் கருவியும் இன்றி இவ்வளவும் நடக்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும்.

இப்போது பழுதுக்கு வருவோம். எஞ்சின் இரைகிறது, கார் வேகம் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமில்லாதவர் உடனே எல்லாவற்றையும் கழற்றத் தொடங்குவார். அதற்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஆற்றல் எங்கே போகிறது? பெல்ட் வழுக்கினால் அது வெப்பமாக மாறும். கருகிய ரப்பர் வாடை வீசும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கும். வெப்பமும் வாடையும் இல்லையென்றால், பெல்ட் வழுக்கவில்லை, தாழ்ந்த விகிதத்திலேயே தங்கிவிட்டது என ஐயுறலாம். அப்போது பார்க்க வேண்டியது காற்றுக்குழாய், விரிசல் விட்டிருக்கலாம். அல்லது ரப்பர்த் திரை கிழிந்திருக்கலாம். துணை இல்லாத எடைகள் எஞ்சின் மிக வேகமாகச் சுற்றிய பிறகே வேலையை முடிக்கும். குழாய் ஒன்றை மாற்றினால் தீரும் நோய்க்குக் கப்பியை அறுவைச் சிகிச்சை செய்வானேன்?

வழுக்கல்தான் என்றால் எண்ணெய்க் கசிவைத் தேட வேண்டும். பள்ளத்தின் சுவர்களுக்கிடையே 30 பாகை கோணம் என்று கொண்டால், பெல்ட்டை உள்நோக்கி அழுத்தும் விசை 1 பங்கு. சுவர்கள் இரண்டிலும் சேர்ந்து செங்குத்தாக விழும் விசை சுமார் 3.9 பங்கு. ஆப்புத் தத்துவம் இதுதான். உராய்வு இவ்வாறு நான்கு மடங்கு ஆவதால்தான் ரப்பர் பெல்ட் ஒரு காரையே இழுக்கிறது. துளி எண்ணெய் பட்டு உராய்வுக் கெழு குறைந்தால் அந்த லாபம் முழுதும் கரைந்துவிடும்.

பெல்ட்டையே மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டாஃப் 600-இல் இடச் சக்கரத்துக்கு ஒரு பெல்ட், வலச் சக்கரத்துக்கு ஒரு பெல்ட். ஒன்று தேய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தால் இருபுற விகிதங்களும் வேறுபடும். நேரான சாலையில் சக்கரங்கள் சமமாகத்தான் சுழன்றாக வேண்டும். ஆகவே பெல்ட்டோ டயரோ வழுக்கித் தேயும்.

சந்தையில் கிடைக்கும் மாவு மில் பெல்ட்டை மாட்டலாமே என்று கேட்பீர்கள். அது நிலையான ஆரத்துக்குச் செய்தது, அகலம் குறைவு. தட்டுகள் நகரும் தூரம் முழுவதற்கும் சுவரைத் தொட்டு நிற்க அகலமான, ஆயினும் குறுக்கே நசுங்காத பெல்ட் வேண்டும்.

இங்குதான் உதிரிபாகச் சிக்கல் தொடங்குகிறது. தண்டும் பற்சக்கரமும் கிடங்கில் ஐம்பது ஆண்டு கிடந்தாலும், துருப்பிடிக்காமல் இருந்தால் புதியவைதான். டாஃபின் கார்ப் பிரிவு 1975-இல் வோல்வோவின் கைக்குப் போனது. டாஃப் 66 காரே பிறகு வோல்வோ 66 என்ற பெயரில் வெளிவந்ததால், அவ்வகைக் காருக்கு உலோகப் பாகங்கள் தேடும் வட்டம் சற்று விரிகிறது. ரப்பரின் கதை வேறு. உறை பிரிக்காத பழைய பெல்ட்டைக் கண்டெடுத்து மகிழ்பவருக்கு வேதியியல் ஓர் அதிர்ச்சி வைத்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரை இறுகச் செய்கிறது. மிகச் சிறிதளவு ஓசோன்கூட மூலக்கூறுச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கிறது. பெல்ட்டை வளைத்துப் பாருங்கள். இழுபடும் திசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், அது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே முதுமை அடைந்த பெல்ட்.

எனவே பெல்ட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிடப் புதிதாகச் செய்விப்பதே உறுதியான வழி. ஒரே ஒரு காருக்காக எந்தத் தொழிற்சாலையும் அச்சு செய்யாது. செய்தாலும் விலை கட்டாது. இக்கார் வைத்திருப்போர் சங்கமாகக் கூடுவதற்கு நட்பு மட்டும் காரணமன்று. பலர் சேர்ந்து கேட்டால்தான் ஒரு தொகுதி பெல்ட் வார்க்க முடியும்.

வான் டோர்ன் பின்னர் எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட்டை உருவாக்க முனைந்தார். அவ்வகைப் பெல்ட் 1987-இல் சுபாரு ஜஸ்டி காரில் விற்பனைக்கு வந்தது. அதையே பழைய காரில் மாட்டலாகாதா? ஆகாது. எஃகுப் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடி ஓட வேண்டும். தட்டுகளை நெருக்கச் சுருள்வில் போதாது, எண்ணெய் அழுத்தமே வேண்டும். ரப்பர்ப் பெல்ட்டுக்கோ அதே எண்ணெய்தான் பகைவன்.