இணையவழிக் கூட்டத்தில் திரையைப் பகிரும் முறை

தூரத்திலுள்ள பலருக்கு ஒரே சமயத்தில் ஒன்றைக் காட்டி விளக்குவதற்குத் திரைப்பகிர்வு ஏற்ற சாதனமாகும். 1968-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர், சுமார் 48 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கிலிருந்த உடனூழியருடன் ஒரே திரையில் பணிபுரிந்து காட்டினார். கேரளத்தில் 2020 ஜூன் 1-ம் தேதி முதல் விக்டர்ஸ் ஒளிபரப்பு வாயிலாகப் பாடங்கள் வீடுகளைச் சென்றடைந்தன. ஒளிபரப்பைக் காண்போர் இடைமறித்து வினவ இயலாது. இணையவழிக் கூட்டத்தில் இயலும். இதுவே இதன் சிறப்பு.

கரமனையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய முறை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அவ்வூரிலிருந்து ஓர் அலுவலர், மருந்தளவு அட்டவணை ஒன்றைக் களப்பணியாளர்களுக்குக் காட்டுவதாகக் கொள்வோம். அவருடைய கணினித் திரையின் அகலம் 34 செ.மீ.; நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியின் அகலமோ 7 செ.மீ. எனவே 4 மி.மீ. உயரமுள்ள எழுத்து அங்கே சுமார் 0.8 மி.மீ. ஆகக் குறுகிவிடும். 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாது. தசமப் புள்ளி மறையும். லிட்டருக்கு 2.5 மில்லி என்பது 25 எனப் படிக்கப்பட்டால், மருந்து பத்து மடங்காகிப் பயிர் கருகக்கூடும்.

இதைத் தவிர்க்க, ஒரு சமயத்தில் நான்கைந்து வரிகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டுக. கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல்லுக. படத்தின் அகலம் சுமார் 12 செ.மீ. ஆகும். அட்டவணையை முன்னரே அனுப்பிவைப்பது இன்னும் நன்று.

பகிரும் மென்பொருள் பொதுவாகத் திரையில் மாறும் பகுதிகளையே அனுப்புகிறது. அசையாத படத்திற்குச் சிறிதளவு தரவு போதும். பக்கத்தை வேகமாக உருட்டினால் படம் முழுவதும் மாறுவதால், இணைப்பு வலுவற்ற இடங்களில் அது மங்கும். பேச்சுக்குப் பின்தங்கியும் வரும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றியபின் சற்றுப் பொறுத்துப் பேசுதல் வேண்டும். "இங்கே பாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "மூன்றாம் வரி, இரண்டாம் கட்டம்" எனக் கூறுதல் நலம். குரலை மட்டும் கேட்போரும் இதனால் பயனடைவர்.

முழுத் திரையையும் பகிராது, தேவையான சாளரத்தை மட்டும் பகிர்தல் வேண்டும். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணும், மாணவரின் மதிப்பெண்ணும், திடீரெனத் தோன்றும் செய்திகளும் பிறர் கண்ணில் படலாகாது. அறிவிப்புகளை முன்னதாகவே நிறுத்திவிடுக.

இறுதியாக, முக்கியமான எண்களைக் கேட்போரில் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்க. அவர் சரியாகப் படித்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்லுதல் தகும்.