ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்குவது எப்படி? மூன்று மொழிப் பிள்ளைகளுக்கு ஒரு வழி



மாரிகாலத்தில் ஒருநாள், 6ஆம் வகுப்பில் படிக்கும் மகனுடைய சொற்பரீட்சைத் தாளோடு ஒரு தாயார் எங்களிடம் வந்தார். தாளில் 12 சொற்கள். இடப்பக்கத்தில் டொச் சொல் அச்சாகியிருக்கும், வலப்பக்கத்தில் பிள்ளை ஆங்கிலச் சொல்லை எழுதவேண்டும். நான்குதான் சரி. "இவன் ஊரில மூண்டாம் வகுப்பிலயிருந்து இங்கிலீஷ் படிச்சவன். இங்க வந்து ஏன் இப்பிடி? கவனமில்லாமப் போட்டானோ?" என்று தாயார் கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நாங்கள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே சொற்களைத் தமிழில் கேட்டோம். "தவிர்க்கிறதுக்கு என்ன?" "அவோய்ட்." "ஒராள் பக்கத்தில இல்லையெண்டு கவலைப்படுறதுக்கு?" "மிஸ்." "வீட்டை வாடகைக்கு விடுறது?" "ரென்ற்." பன்னிரண்டில் ஒன்பதைச் சொல்லிவிட்டான்! பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தால் விசயம் விளங்கியது. இந்த மூன்றுக்கும் டொச்சில் என்ன? ஃபெர்மைடன், ஃபெர்மிஸன், ஃபெர்மீற்றன். ஜேர்மனிக்கு வந்து இரண்டு வருசமான பிள்ளைக்கு மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். அவனுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. கேள்விதான் விளங்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் பலருடைய நிலைமை இதுதான். ஆங்கிலப் பாடத்தில் அவர்கள் படிப்பது ஒரு புது மொழி அல்ல, இரண்டு. அதனால் சொற்களைப் பாடமாக்கும் முறையும் கொஞ்சம் வேறாக இருக்கவேண்டும்.

ஆங்கிலப் புள்ளி ஏன் முக்கியம்?

பயர்ண் மாநிலத்தில் 4ஆம் வகுப்பு முடிவில் பிள்ளைகளைப் பிரிக்கும்போது டொச், கணிதம், சூழலியல் பாடம் ஆகிய மூன்றின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். கிம்னாசியத்துக்கு 2.33, றியால்ஷூலவுக்கு 2.66. (இங்கே 1 தான் ஆகத் திறம், 6 ஆக மோசம் என்பதை மறக்கவேண்டாம்.) அதில் ஆங்கிலம் சேராது. அதனால் "இங்கிலீஷ் பிறகு பாப்பம்" என்று சில பெற்றார் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் மிற்றெல்ஷூலவுக்குப் போன பிள்ளைக்குக் கதவு பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கே 7ஆம் வகுப்பிலிருந்து எம்-சூக் என்ற பிரிவு இருக்கிறது. அதில் படித்தால் 10ஆம் வகுப்பு முடிவில் றியால்ஷூலவுக்குச் சமமான சான்றிதழ் எடுக்கலாம். அந்தப் பிரிவில் சேர 6ஆம் வகுப்பில் டொச், கணிதம், ஆங்கிலம் மூன்றிலும் சராசரி 2.66 அல்லது அதைவிடத் திறமாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் நுழைவுப் பரீட்சை எழுதிப் பார்க்கலாம். டொச்சில் இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சராசரியைத் தூக்கிவிடக்கூடிய பாடம். அந்தப் பாடத்திலேயே டொச் குறுக்கே வந்து விழுத்தினால் அது எவ்வளவு பெரிய நட்டம்!

இன்னுமொன்று. றியால்ஷூலவிலும் கிம்னாசியத்திலும் முன்னறிவித்தல் இல்லாமல் வைக்கும் சிறு பரீட்சைகள் உண்டு. பிள்ளைகள் அதை "எக்ஸ்" என்று சொல்லுவார்கள். எப்ப வரும் என்று தெரியாது. முதல்நாள் இரவு விழித்திருந்து பாடமாக்கும் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால்தான் சரிவரும்.

பத்துத் தரம் வாசித்தால் போதாதா?

நாங்கள் ஊரில் படித்த முறை பலருக்கு நினைவிருக்கும். கொப்பியை விரித்துவைத்துச் சத்தமாகத் திருப்பித் திருப்பி வாசிப்பது. அதில் ஒரு குறை உண்டு. விடை கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் "எனக்குத் தெரியும்" என்ற எண்ணம் வந்துவிடும். மூடிவிட்டுக் கேட்டால் வராது.

ஜேர்மன் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து பார்த்தார். 1885இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஆகக் கூடுதலாக மறப்பது முதல் சில மணித்தியாலங்களிலும் முதல் நாளிலும்தான், பிறகு மறதி மெதுவாகிறது என்று அவர் கண்டார். ஆகவே இன்று படித்த சொல்லை அடுத்த கிழமை பார்ப்பதைவிட நாளைக்கே ஒருக்கால் பார்ப்பது நல்லது.

2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்பிக், றோடிகர் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள். மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலக் கருத்தோடு கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் சரியாகச் சொன்ன சொற்களையும் விடாமல் திரும்பத் திரும்பத் தங்களைச் சோதித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னவுடன் அதைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு வாசிப்பதை மட்டும் தொடர்ந்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு பார்த்தால், முதல் பகுதியினருக்கு 80 வீதமளவு நினைவில் இருந்தது. மற்றவர்களுக்கு 40 வீதம்கூட இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்: வாசிப்பதைவிட, மூடிவிட்டு ஞாபகப்படுத்திப் பார்ப்பதுதான் சொல்லை மனதில் இருத்தும். ஒருக்கால் சரி வந்தாலும் விட்டுவிடக்கூடாது.

சப்பாத்துப் பெட்டி முறை

இதை வீட்டில் செய்ய ஒரு இலகுவான வழி உண்டு. செபஸ்ரியான் லைற்னர் என்ற ஒஸ்ரியப் பத்திரிகையாளர் 1970களில் பிரபலமாக்கியது. ஜேர்மன் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களும் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லுவார்கள். கடையில் வாங்கத் தேவையில்லை, ஒரு சப்பாத்துப் பெட்டி போதும்.

1. பெட்டியை மட்டை வைத்து ஐந்து அறையாகப் பிரியுங்கோ.

2. தடித்த தாளைச் சிறு அட்டைகளாக வெட்டுங்கோ. ஒரு அட்டைக்கு ஒரு சொல்.

3. அட்டையின் முன்பக்கத்தில் டொச் சொல்லையும், அதற்குக் கீழே தமிழ்க் கருத்தையும் எழுதவேண்டும். பின்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும், அது வரும் ஒரு சின்ன வசனமும்.

4. புது அட்டை எல்லாம் முதலாம் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். பிழை விட்டால், எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதலாம் அறைக்கு வரும்.

5. முதலாம் அறையை ஒவ்வொரு நாளும், இரண்டாம் அறையை இரண்டு நாளுக்கு ஒருக்கால், மூன்றாம் அறையைக் கிழமைக்கு ஒருக்கால், நான்காம் அறையை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பாருங்கோ. ஐந்தாம் அறையைப் பெரிய பரீட்சைக்கு முன் பார்த்தால் போதும்.

ஒரு நாளைக்கு ஏழு எட்டுப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பத்து, பதினைந்து நிமிசம் காணும். கைத்தொலைபேசியிலும் இதே முறையில் வேலைசெய்யும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் பரீட்சையில் கையால்தான் எழுதவேண்டும். அதனால் அட்டையைக் கையால் எழுதுவதே ஒரு பயிற்சி.

தமிழ் எதற்கு?

"வீட்டில தமிழை விட்டாத்தான் டொச் வரும்" என்று சிலர் சொல்லுவார்கள். அட்டையில் தமிழ் இருப்பதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, பிள்ளைக்கு டொச் சொல் விளங்காவிட்டால் கருத்து தமிழ் மூலம் போகும். ஒரு அட்டையில் டொச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்தே மனதில் பதியும். டொச் சொல்லும் புதிது என்றால் அந்த அட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கோ. அந்த அட்டைகளில் முதலில் டொச் சொல்லைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலம் கேளுங்கோ. இரண்டு, மூன்று கிழமை போனபின் தமிழை விரலால் மறைத்துவிட்டுக் கேட்கவேண்டும். ஏனென்றால் பரீட்சைத் தாளில் தமிழ் இருக்காது.

இரண்டாவது காரணம் உங்களுக்காக. "எனக்கு இங்கிலீஷும் தெரியாது, டொச்சும் அரைகுறை, நான் என்னெண்டு சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்கும் அம்மா, அப்பாமார் இருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், நீங்கள் கேள்வி கேட்கலாம். குசினியில் கறி கொதிக்கும்போது ஒரு கையில் அகப்பை, மறுகையில் அட்டை! பிள்ளை எழுதியதை அட்டையின் பின்பக்கத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. அம்மம்மாவும் கேட்கலாம்.

ஆனால் ஒன்றைத் தவிருங்கோ. ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதேங்கோ. தமிழில் "ப" என்ற ஒரு எழுத்து ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கு நிற்கிறது. பூங்காவுக்கு வரும் சொல்லையும் நாய் குரைப்பதற்கு வரும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் "பார்க்" தான். பிறகு பரீட்சையில் பூங்கா குரைக்கும். இந்தக் கட்டுரையில் நாங்கள் அப்படி எழுதியது வாசிப்பவர்களுக்காக மட்டும். கருத்துக்குத் தமிழ், உச்சரிப்புக்குக் காது. பாடப்புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கோ.

டொச் விரிக்கும் பொறிகள்

டொச்சும் ஆங்கிலமும் உறவு மொழிகள். அது பல இடத்தில் உதவும், சில இடத்தில் காலை வாரிவிடும். இந்தச் சொற்களுக்குத் தனி அட்டை போடுங்கோ:

• கிஃப்ற்: ஆங்கிலத்தில் பரிசு, டொச்சில் நஞ்சு.

• பிகம்: ஆங்கிலத்தில் "ஆகுதல்". டொச்சில் பெகொமன் என்றால் "கிடைத்தல்". இதைக் குழப்பினால், "பிறந்தநாளுக்கு எனக்குச் சைக்கிள் கிடைத்தது" என்று எழுதப் போய் "நான் சைக்கிளாக மாறினேன்" என்று வந்துவிடும்.

• ஷெஃப்: ஆங்கிலத்தில் சமையற்காரர், டொச்சில் முதலாளி அல்லது மேலதிகாரி.

• ஹண்டி: டொச்சில் கைத்தொலைபேசி. ஆங்கிலத்தில் "கைக்கு வசதியான" என்று பொருள். கைத்தொலைபேசிக்கு அந்தச் சொல்லை எழுதினால் பிழை.

• ஒல்சோ: ஆங்கிலத்தில் "கூட, உம்". அதே எழுத்துகளை டொச்சில் அல்சோ என்று வாசிப்பார்கள், பொருள் "ஆகவே".

இன்னும் இரண்டு. டொச்சில் பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கவனமில்லாமல் அப்படி எழுதிப் புள்ளி இழக்கும் பிள்ளைகள் பலர். மற்றது, டொச்சில் வீட்டுப்பாடம் செய்வதற்கும் படம் எடுப்பதற்கும் "மாகன்" என்ற ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் வீட்டுப்பாடத்துக்கு "டூ", படத்துக்கு "ரேக்". இதற்காகத்தான் அட்டையில் தனிச் சொல் போதாது, ஒரு வசனமும் வேண்டும் என்று சொன்னோம்.

மியூனிக்கில் கிடைக்கும் உதவிகள்

* ஜொப்சென்ரர் பணம், வீட்டு வாடகை உதவி, பிள்ளைகளுக்கான மேலதிகப் பணம் அல்லது அகதி விண்ணப்பகாரருக்கான உதவிப்பணம் எடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, "பில்டுங் உண்ட் ரைல்ஹாப" திட்டத்தின் கீழ் ரியூசன் செலவைக் கேட்கலாம். இந்தத் திட்டம் 2011இலிருந்து இருக்கிறது. பிள்ளை வகுப்பில் தோற்கும் நிலையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை 2019 ஓகஸ்டில் நீக்கப்பட்டது. ஆகவே "பெயில் விடட்டும், பிறகு கேப்பம்" என்று காத்திருக்கவேண்டாம். ரியூசனுக்குத் தனி விண்ணப்பம் கொடுக்கவேண்டும். பிள்ளைக்கு உதவி தேவை என்று பள்ளிக்கூடம் எழுதித் தரவேண்டும்.

* மியூனிக் நகர நூலகத்தின் கிளைகள் ஹாசன்பேர்க்கல், கீசிங், நொய்பெர்லாக் போன்ற பகுதிகளிலும் இருக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நூலக அட்டை இலவசம். இலகு நடை ஆங்கிலக் கதைப்புத்தகங்களை இரவல் எடுக்கலாம். அட்டையில் படித்த சொல்லைக் கதையில் காணும்போதுதான் அது பிள்ளையின் சொந்தச் சொல்லாகும்.

* 16 வயதுக்கு மேல் தனியாகவோ பிந்தியோ வந்த இளம் அகதிகளுக்கு, 2000ஆம் ஆண்டிலிருந்து மியூனிக்கில் இயங்கும் ஷ்லவ் பள்ளிக்கூடம் பாடசாலை முடிவுச் சான்றிதழுக்குத் தயார்ப்படுத்துகிறது.

ஆசிரியரோடு கதையுங்கோ

முதலில் சொன்ன பிள்ளையின் தாயாரை, ஆசிரியரைப் பெற்றார் சந்திப்பு நேரத்தில் போய்ப் பார்க்கச் சொன்னோம். சண்டை பிடிக்க அல்ல. "என் மகனுக்கு இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் தெரியும், டொச் சொல் விளங்கவில்லை. சில கேள்விகளைப் படமாகவோ, ஆங்கில வசனத்தில் இடைவெளி நிரப்புவதாகவோ தரமுடியுமா?" என்று கேட்கும்படி ஒரு தாளில் டொச்சில் எழுதிக் கொடுத்தோம். ஆசிரியர் கட்டாயம் செய்யவேண்டும் என்றில்லை. ஆனால் இப்படியொரு பிள்ளை வகுப்பில் இருப்பது அவருக்குத் தெரியவேண்டும். சொல்லாவிட்டால், "ஆங்கிலத்தில் பலவீனம்" என்றுதான் அவர் நினைத்துக்கொள்வார்.

நீங்களும் அடுத்த முறை புள்ளி குறைந்த தாள் வீட்டுக்கு வந்தால், பேசுவதற்கு முதல் அந்தச் சொற்களைத் தமிழில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. பிள்ளைக்கு எது தெரியாது என்பதைவிட, எது தெரியும் என்பது அப்போதுதான் வெளியில் வரும். ஆங்கிலப் புத்தகத்திலும் டொச் புத்தகத்திலும் "கற்றமரான்" என்ற சொல்லைக் கண்டால் அது எங்கள் கட்டுமரம் என்றும் சொல்லிக் கொடுங்கோ. மூன்று மொழியும் தன்னுடையது என்று பிள்ளைக்கு ஒரு தைரியம் வரட்டும்.

விண்ணப்பம் நிரப்பவோ, ஆசிரியருக்குக் கடிதம் எழுதவோ உதவி வேண்டுமென்றால், பிள்ளையின் பரீட்சைத் தாளையும் கையோடு கொண்டு எங்கள் ஆலோசனை நேரத்தில் வாங்கோ.