அப்பா தந்த கல்லீரலை உடல் ஏற்பது எப்படி?

1998 நவம்பரில் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றம் அது. அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் நோய்த்தடைக்காப்பியல் பாடத்தை இந்தச் செய்தியோடுதான் தொடங்குவேன்.

இவ்வாண்டு ஒரு மாணவி எழுந்தாள். "எங்க சித்தப்பாவுக்கும் கல்லீரல் மாத்தியிருக்கு சார். நல்லாத்தான் இருக்காவ. மாத்திரைய நிறுத்திரலாம்னு சொல்லுதாவ." அன்று பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்தேன்.

சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சிற்றாறு சேர்வதை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். கல்லீரலுக்கும் இரண்டு வரத்து. ஒன்று தமனி. மற்றது குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை. ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தம் இதன் வழியே வருகிறது. அதில் உணவுப் புரதமும் பாக்டீரியாத் துணுக்குகளும் கலந்திருக்கும். வருவதையெல்லாம் எதிர்த்தால் கல்லீரல் தினமும் வீங்கும். ஆகவே அங்குள்ள குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்குவதோடு, அமைதிப்படுத்தும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. அங்கே நுழையும் டி செல்கள் பல அடங்குகின்றன அல்லது மடிகின்றன.

இந்தப் பொறுமை, மாற்றிப் பொருத்திய கல்லீரலிலும் ஓரளவு தொடர்கிறது. 1969இல் ராய் கால்ன் குழுவினர் பன்றிகளுக்குக் கல்லீரல் மாற்றியபோது, சில பன்றிகள் மருந்தே இல்லாமல் நெடுநாள் வாழ்ந்தன. மனிதர் விஷயம் வேறு. பெறுபவரின் டி செல்கள், கொடையாளரின் செல் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. புரதங்களை அயலாகக் கண்டு இன்டர்லூக்கின்-2 சுரந்து பெருகும். பித்தநாளங்களையும் இரத்தக்குழாய் உட்சுவரையும் தாக்கும். டாக்ரோலிமஸ் மாத்திரை கால்சிநியூரின் நொதியைத் தடுப்பதால் அந்தச் சுரப்பு குறைகிறது. செல்கள் அழிவதில்லை, அடக்கி வைக்கப்படுகின்றன. மாத்திரை நின்றால் மீண்டும் பெருகலாம்.

மாணவிக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: நிராகரிப்பு தொடங்கும்போது உடம்புக்கு ஒன்றும் தெரியாமலிருக்கலாம், இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்வதே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே 'நல்லா இருக்கேன்' என்பது சான்றாகாது. மருத்துவர் கண்காணிப்பில் மெல்லக் குறைத்து, மருந்தை விட்டவர்கள் சிலர் உண்டு. தாமாக நிறுத்துவது அதுவல்ல.

வகுப்பு முடிந்தும் கேள்விகள் ஓயவில்லை. பம்பளிமாஸ் சாப்பிடலாமா என்றான் ஒருவன். கூடாது; குடலில் இம்மருந்தைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால் இரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். மறுநாள் நொதிகள் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.