குளிர் வைகறையில் கிளம்ப மறுக்கும் சுமைவண்டி

பண்டைத் தமிழ் இலக்கண நூலார் பொழுதினைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரு கூறாக்கினர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். இரவு கழிந்து கதிர் எழுமுன் உள்ளது வைகறை. அகப்பொருள் பயிலும் மாணவர்க்கு இவை மனப்பாடமான செய்திகளே. இவ்விரு பொழுதும் ஒருங்கே கூடும் வேளையில், அரக்கோணம் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள சாலைகளிலும் சந்துகளிலும் ஒரு துன்பம் நிகழ்வதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். சாவியைத் திருகியதும் இரண்டு முறை முனகிவிட்டு, பின்னர் அசையாது நின்றுவிடும் டீசல் பிக்கப் வண்டியே அத்துன்பத்திற்குக் காரணம்.

இதனைச் சிறிய விஷயமென்று தள்ளுதல் இயலாது. காய்கறியும் பூவும் விடிவதற்குள் சந்தையை அடைதல் வேண்டும். பாற்கேன்கள் குறித்த நேரத்தில் குளிர்ப்பு நிலையத்தை எட்டுதல் வேண்டும். உப்பிட்ட தோல் ஆட்கள் வேலைக்கு வருமுன் தோல் ஷாப்பின் வாயிலில் இறங்குதல் வேண்டும். மாதத் தவணையில் வண்டி வாங்கி, ஒவ்வொரு நாளின் வாடகையையும் எண்ணி வாழும் ஓட்டுநருக்கு ஒரு காலை தவறுவது ஒரு நாட் கூலி தவறுவதேயாகும். அதனினும் பெரிய இழப்பு, பழுது இன்னதென்று தெளியாமல் ஒவ்வொரு உறுப்பாக மாற்றிப் பணத்தைத் தொலைப்பது. ஆகையால் இந்நோயின் மூலத்தையும், அதனை ஆராயும் முறையையும் ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

டீசல் இயந்திரத்தில் நெருப்பு பிறக்கும் விதம்

1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை திறக்கப்பெற்ற தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டிப் பாதை அரக்கோணத்தின் வழியாகவே சென்றது. அந்நாளைய நீராவி இயந்திரத்தில் நெருப்பு கொதிகலத்தின் அடுப்பில் எரிந்தது. பல மணி நேரத்திற்கு முன்பே அதனை மூட்டி, அணையாது காத்தனர். டீசல் இயந்திரத்திற்கு அத்தகைய அடுப்பு இல்லை. பெட்ரோல் வண்டிக்கு உள்ளது போன்ற தீப்பொறி பிளக்கும் இல்லை. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் கைதொட்டு அறிந்திருக்கிறோம். காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடேறும் என்னும் இவ்வுண்மையையே ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் பயன்படுத்தினார். 1892-இல் அவர் தம் கருத்துக்குக் காப்புரிமை வேண்டினார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இயந்திரம் வெற்றியுடன் இயங்கிற்று.

சிலிண்டரிலுள்ள காற்றைப் பிஸ்டன் பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறதென்று கொள்வோம். வெப்பம் சிறிதும் வெளியே கசியாதென்று கருதிக் கணக்கிட்டால், 30 டிகிரி செல்சியஸில் உள்ளே புகுந்த காற்று ஏறக்குறைய 690 டிகிரியை எட்டும். அதே காற்று 15 டிகிரியில் புகுமாயின் 640 டிகிரியளவே எட்டும். தொடக்கத்தில் 15 டிகிரி குறைந்தால் முடிவில் 50 டிகிரியளவு குறைகிறது. ஆயினும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும் வெப்பநிலையோ 250 டிகிரிக்கு உட்பட்டதே. அங்ஙனமாயின் 640 டிகிரியிலும் அது பற்ற வேண்டுமன்றோ?

பற்றத்தான் வேண்டும், நலமுள்ள இயந்திரத்தில் பற்றியும் விடுகிறது. கணக்கில் நாம் தள்ளிவிட்ட கசிவே இங்குக் கவனிக்கத்தக்கது. இயந்திரம் மெல்லச் சுழன்றால், அமுங்கிய காற்றின் வெப்பத்தைக் குளிர்ந்த இரும்புச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். பிஸ்டன் வளையங்களின் வழியே காற்றும் நழுவிச் செல்லும். குளிரில் எண்ணெய் தடித்துச் சுழற்சிக்குத் தடை செய்யும். பேட்டரியின் வலிமையும் குறையும். சுழற்றும் வேகம், வெப்பம், எரிபொருள் என்னும் மூன்றும் குறைவின்றி இருந்தால் நம் நாட்டுக் குளிர் வண்டியைத் தடுக்காது. மூன்றில் ஒன்று முன்னரே நலிந்திருந்தால், பகலில் மறைந்திருந்த அந்நலிவு வைகறையில் வெளிப்படும். குளிர் பழுதைப் பிறப்பிப்பதில்லை. இருந்த பழுதைக் காட்டிக்கொடுக்கிறது.

டீசல் உறைந்துவிடுகிறதா?

குளிர்காலத்தில் டீசல் உறைந்தது என்று சிலர் கூறுவர். டீசலில் மெழுகு உண்டு. மிகுந்த குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைக்கும் என்பது மெய்யே. ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தின்படி டீசல் பாயாது நிற்கும் வெப்பநிலை கோடையில் 15 டிகிரிக்கும், குளிர்காலத்தில் 3 டிகிரிக்கும் மேற்படலாகாது. வடிகட்டி அடைபடும் எல்லை கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. லடாக் போன்ற பனிநாட்டிற்கு இது போதாது. அதனாலன்றோ 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் சுழியத்திற்குக் கீழ் 33 டிகிரியிலும் பாயவல்ல தனி டீசலை அங்கு வழங்கத் தொடங்கிற்று! பாலாற்றங்கரைக்கு அத்தேவை இல்லை. கடல்மட்டத்திற்குமேல் சுமார் 1,100 மீட்டர் உயர்ந்த ஏலகிரியில் குளிர் மிகுதிதான். எனினும் ஆண்டும் முதலில் ஐயுற வேண்டுவது டீசலை அன்று.

இதனை ஏன் வற்புறுத்துகிறேன் எனில், டீசல் உறைந்ததென்று எண்ணி மண்ணெண்ணெய் கலப்போர் உளர். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. டீசலின் வழவழப்பையே நம்பி இயங்கும் பம்பும் நாசிலும் அதனால் தேய்ந்து கெடும். ஒரு காலைத் தொல்லையைத் தீர்க்கப் புகுந்து பெருஞ்செலவைத் தேடிக்கொள்வதாய் முடியும். கலப்படம் சட்டத்திற்கும் விரோதம்.

முதலிற் செவி, பின்னர்க் கண், அதன்பின் கருவி

மருத்துவர் நாடி பார்க்குமுன் மருந்து எழுதார். வண்டியைப் பரீட்சிப்போரும் சாவியைத் திருகிச் செவி கொடுத்துக் கேட்டல் வேண்டும். புகைக்குழாயையும் நோக்குதல் வேண்டும். மூன்று வகையான குறிகளுள் ஒன்று தோன்றும்.

முதற் குறி: இயந்திரம் மெல்லச் சுழல்கிறது, அல்லது ‘டக்’ என்னும் ஒலியோடு நின்றுவிடுகிறது. இது மின்சாரக் குறை. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க. 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்தது, 12.2 காட்டினால் பாதியே உளது. செல்ஃப் மோட்டார் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி நலிந்ததென்று ஐயுறலாம். பேட்டரி நன்றாயிருந்தும் சுழற்சி மந்தமானால் எர்த் கம்பியைப் பார்த்தல் வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மற்றொன்றைத் துருவற்ற இயந்திர இரும்பிலும் வைத்து ஒருவர் சாவியைத் திருகுக. அரை வோல்ட்டுக்கு மேற் காட்டினால் அவ்வழியில் தடை உண்டு.

தோல் ஏற்றும் வண்டிகளுக்கு இச்சோதனை மிகவும் இன்றியமையாதது. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடப்படுகிறது. அதினின்று கசியும் உப்புநீர் வண்டியின் அடிச்சட்டத்தில் வடிந்து, எர்த் கம்பி பிணைந்த இடத்தைத் துருவாக அரிக்கிறது. புதுப் பேட்டரி வாங்கியும் தீராத நோய் அத்துருவைச் சுரண்டியதும் தீர்தல் கூடும். துப்புரவு செய்கையில் நெகட்டிவ் கம்பியை முதலிற் கழற்றுக, இறுதியில் மாட்டுக. பேட்டரி முனைகளிற் பூத்த வெண்பூவை ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, வாசலின் பூசுக. சார்ஜாகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடுமாதலின் அதனருகே பீடியும் தீக்குச்சியும் கூடா. இயந்திரம் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டாவிடில் குறை ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். எண்ணெயும் வண்டிக் கையேடு கூறிய தரத்ததாக இருத்தல் வேண்டும். வேண்டியதினும் தடித்த எண்ணெய் நல்ல பேட்டரியையும் திணறச் செய்யும்.

இரண்டாம் குறி: வேகமாகச் சுழல்கிறது, புகை சிறிதும் இல்லை. டீசல் சிலிண்டரை எட்டவில்லை என்பது இதன் பொருள். இரவில் நின்ற வண்டியின் குழாய்களில் எங்கேனும் நுண்ணிய வெடிப்பு இருந்தால், காற்று உட்புகுந்து, டீசல் டாங்கிக்கே திரும்பிவிடும். இதனையே மெக்கானிக்குகள் ‘ஏர் எடுத்துவிட்டது’ என்பர். கைப்பம்பு உள்ள வண்டியாயின், சாவியைத் திருகுமுன் அது கடினமாகும் வரை அமுக்கிப் பார்க்க. உடனே கிளம்பினால் குறை காற்றே. திரும்புகுழாய்களின் ரப்பரையும், வடிகட்டியின் வாஷரையும் சோதித்து மாற்றுக. வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரையும் வடித்துவிடுக. பழைய வகைப் பம்பில், சாவி போட்டதும் டீசலைத் திறந்துவிடும் மின்வால்வு ‘டிக்’ என்று ஒலிக்கிறதா என்று கேட்க. காமன் ரெயில் வகை இயந்திரத்தில் உயரழுத்தக் குழாயின் நட்டை ஒருபோதும் தளர்த்தலாகாது. அதனுள் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் செல்லும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுட் புகும்.

மூன்றாம் குறி: நன்றாகச் சுழல்கிறது, வெண்புகை வருகிறது, நெடுநேரத்திற்குப் பின் நொண்டிக்கொண்டு கிளம்பி, சூடானதும் சீராகிறது. டீசல் வருகிறது, பற்றவில்லை என்று இதனால் அறிகிறோம். இங்கே நோக்க வேண்டுவது ஹீட்டர் பிளக். சாவியை முதல் நிலைக்குத் திருகியதும் சுருள்வடிவ விளக்கு எரிந்து அணையும். அவ்விடைவேளையில் அது பழுக்கக் காய்ந்து அறையைச் சூடாக்குகிறது. பிளக்கிற்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பார்க்க. வராவிடில் ஃபியூஸையும் ரிலேயையும் ஆராய்க. வந்தால் ஒவ்வொரு பிளக்கின் தடையையும் தனித்தனியே அளக்க. நல்ல பிளக் ஓர் ஓம் அளவினதான சிறு தடையையே காட்டும். தடை எல்லையற்றதாகக் காட்டினால் அது எரிந்துபோயிற்று.

வண்டிக்கு வண்டி இதன் இன்றியமையாமை வேறுபடும். 2005-இல் வெளிவந்து, நம் மக்களால் ‘குட்டியானை’ என்று செல்லப்பெயர் பெற்ற டாடா ஏஸின் தொடக்ககால இயந்திரம் 702 கன சென்டிமீட்டர் அளவும் இரண்டே சிலிண்டரும் உடையது. அதில் டீசல் முதலில் ஒரு சிற்றறையிற் பாய்கிறது. சிற்றறையின் சுவர்ப்பரப்பு மிகுதியாதலால் வெப்பம் விரைவில் இழக்கப்படும். ஆகவே ஹீட்டர் பிளக்கின் துணை பெரிதும் வேண்டும். இரண்டில் ஒன்று எரிந்தால் பாதி இயந்திரம் உறங்குகிறதென்க. டீசலை நேரே சிலிண்டரிற் பாய்ச்சும் பிற்கால இயந்திரங்களுக்கு நம் நாட்டுக் குளிரில் அத்துணைத் தேவை இல்லை.

பிளக்குகள் நன்றாயிருந்தும் வெண்புகை நீங்காவிடில், அமுக்கத்தை அதற்குரிய மானியால் அளத்தல் வேண்டும். வால்வு இடைவெளி, பிஸ்டன் வளையம், நாசில் ஆகியவற்றை அதன்பின்னரே ஐயுறுக. செலவு குறைந்த சோதனை முதலிலும், செலவு மிகுந்தது இறுதியிலும் நிற்பதே முறை. நாசிலைக் கழற்றுவதில் தொடங்குவோர் இம்முறையைத் தலைகீழாக்குகின்றனர்.

செய்யத்தகாதன

ஈதர் தெளிப்பானைக் காற்றுக் குழாயில் அடித்தல் பலர் வழக்கம். ஹீட்டர் பிளக் சூடாயிருக்கையில் ஈதர் காலத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையே பிளக்கக்கூடும். பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுவாயிற் பிடித்தலும், எண்ணெய்த் தொட்டியின் அடியில் கந்தல் கொளுத்தலும் கையையும் வண்டியையும் பலிகொள்ளும் செயல்கள். செல்ஃப் மோட்டாரை ஒரே மூச்சில் பதினைந்து வினாடிக்கு மேற் சுழற்றலாகாது. ஒரு நிமிடமேனும் ஆறவிட்டு மீண்டும் முயல்க. மூடிய கொட்டகையுள் வண்டியை ஓடவிட்டு நின்றால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைக் கவரும்.

இத்தொல்லையை வருமுன் காத்தலும் அரிதன்று. கார்த்திகை முடிவதற்குள் ஓய்வான ஒரு மாலையைத் தெரிந்து, பேட்டரியையும் எர்த் பிணைப்பையும் ஹீட்டர் பிளக்கையும் வடிகட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுக. மீட்டரும், கம்பித் தூரிகையும், சிறிது ஆப்பசோடாவும் கையிலிருந்தால் இப்பணிக்கு ஒரு மணி நேரம் போதும். நம் மாணவருள் தந்தையோ தமையனோ சுமைவண்டி ஓட்டிப் பிழைக்கும் இல்லத்தினர் சிலர் இருக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்கையில் அவர்கள் இவ்வரிசையை ஒரு தாளில் எழுதி வண்டியின் பெட்டியில் வைப்பாராயின், மார்கழி வைகறையில் அது ஒரு நாட் கூலியைக் காத்துத் தரும்.